கோல் அடித்த காலும் கற்றுக் கொடுத்த கையும்

வெற்றி கிட்டினால் கோல் அடித்தவரைத் தோளில் தூக்குகிறோம். தோல்வி வந்தாலோ பயிற்சியாளரைத் தெருவில் நிறுத்துகிறோம். மாலை போடும்போது மறந்துவிட்டுப் பழி போடும்போது மட்டும் தேடுகிறோமே, இது என்ன நீதி?

சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். நம் சென்னையின் எஃப்.சி. அணியையே பார்ப்போம். 2019-20 இந்தியன் சூப்பர் லீக்கில், முதல் நான்கு ஆட்டங்களில் அந்த அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி! பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் அவர் வருமுன்பே அணியில் இருந்தவர்கள்தாம். கால்கள் மாறவில்லை, கருத்து மாறியது. துவண்டு கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை சென்றது.

"அந்தக் கிரிகரிதானே 2018இல் கோப்பை வாங்கித் தந்தவர்? அடுத்த பருவத்திலேயே அணி கடைசி இடத்துக்குப் போயிற்றே!" என்று கேட்பீர்கள். உண்மைதான். பயிற்சியாளர் மந்திரவாதி அல்லர். நேற்றைய வெற்றி நாளைக்குச் சோறு போடாது. வீரனின் உடல், எதிரியின் உத்தி, அணியின் மனநிலை ஆகியவற்றை அன்றாடம் புதிதாகப் படிக்க வேண்டிய வேலை அது. படித்தால் ஏற்றம், தவறினால் இறக்கம். பணத்தால் வீரனை வாங்கலாம். பதினொருவரை ஓர் அணியாக்கப் பணத்தால் மட்டும் ஆகுமா?

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். வேறொருவராக இருந்தால் உட்கார வைத்திருப்பார். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமோ அவரை முன்னணியில் நிறுத்தினார்! அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1 என்ற கணக்கில் தங்கம் நமக்கு. 1963இல் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோயிற்று. அதன்பின் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் கண்டதே இல்லை.

அந்த ரஹீம் யார்? சீமான் வீட்டுச் செல்வரா? இல்லை, ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்!

அதனால்தான் கண்டாச்சிபுரத்தைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே பந்து உதைக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஓடக் கால் இருக்கிறது; வெல்ல ஆசை இருக்கிறது. எப்போது ஓடுவது, எப்போது நிற்பது, யாருக்குத் தருவது என்று சொல்லித்தர ஆள் வேண்டாமா? பக்கத்துக் கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தனர். திறமை சென்னைக்கு மட்டும் பட்டா போட்டுத் தந்த சொத்தா?

நாம் கேட்பது பெரிய மைதானமல்ல, பளிங்கு மண்டபமல்ல. வட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர், அவருக்கு நிலையான ஊதியம். உடற்கல்வி ஆசிரியருக்கு முறையான பயிற்சிச் சான்றிதழ். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் கடன் வாங்காதிருக்க ஓர் உத்தரவு. இவ்வளவுதான்!

நாளை கோப்பையைத் தூக்கப் போகும் கைகளுக்கு இன்றே வழிகாட்டும் கை ஒன்று வேண்டும். அரசு அதைத் தரட்டும். ஊர் அதைக் கேட்டு வாங்கட்டும்!