கையெழுத்துக்கு முன் நான்கு சொற்கள்



மிளகாய் மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் விலையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நாம். ஆனால் சேர்த்த பணத்தை முதலீடு செய்யும்போது மட்டும் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். 1990களில், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்ற பேச்சை நம்பி ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டு, முதலையே இழந்தவர்களில் நாமும் ஒருவர். மகளின் திருமணத்திற்கு ஒதுக்கிய பணம் அது. அந்த அனுபவத்தில் கற்ற நான்கு சொற்களைப் புதிதாக முதலீட்டில் இறங்குவோருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வட்டி விகிதம். ஒரு லட்சம் கடனுக்கு 12 சதவீதம் 'பிளாட்' வட்டி என்பார்கள். 12 மாதத் தவணையில் 1,12,000 ரூபாய் கட்டுகிறோம். மாதாமாதம் அசல் குறைகிறது. வட்டியோ முழு லட்சத்திற்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும்.

இரண்டாவது, கூட்டு வட்டி. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. மூன்றே ஆண்டில் இரட்டிப்பு என்று ஒருவர் சொன்னால், அது சுமார் 24 சதவீதம். அல்லும் பகலும் உழைக்கும் நம் கடையிலேயே அவ்வளவு நிற்கிறதா? அவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, பணமாக்கும் வசதி. மனையில் போட்ட பணம் தேங்கிய சரக்கு போன்றது. மதிப்பு இருக்கும், தீபாவளிக் கொள்முதலுக்குக் கைக்கு வராது. ஆகவே, ஒரு பருவக் கொள்முதலுக்கான தொகையை எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தையே மனையில் போட வேண்டும்.

நான்காவது, வைப்புக் காப்பீடு. வங்கி முடங்கினால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 1 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. தனியார் நிதி நிறுவன டெபாசிட்டுகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

வரி விவரங்களுக்குக் கூட்டம் போடும் நம் சங்கம், மாதந்தோறும் அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். கடைக்கு வந்து அமரும் பிள்ளைகளையும் அழைத்து வருவோம். சம்பாதிக்கக் கற்றுக்கொடுத்த நாம், சம்பாதித்ததைக் காக்கவும் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.