‘எம்’ என்ற எழுத்து எதற்கு?

தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் இப்போது எங்கள் வேங்கிக்கால் தெருக்களிலும் சாதாரணமாகிவிட்டன. இவற்றில் கிளட்ச் மிதி கிடையாது. கியர்த் தண்டின் அருகே ‘ஆர்’, ‘என்’, ‘டி’ என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். சில கார்களில் ‘எஸ்’, ‘எம்’ என்றும் இருக்கும். ‘எஸ்’ என்றால் ஸ்போர்ட். ‘எம்’ என்றால் மேனுவல், அதாவது ஓட்டுநரே கியரைத் தேர்ந்தெடுக்கும் முறை. கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘எஸ்’ஸைப் பற்றி உற்சாகமாகப் பேசுவார்கள். ‘எம்’மைப் பற்றிக் கேட்டால், “அது எதற்கு சார்? கியர் மாற்றும் தொல்லை வேண்டாம் என்றுதானே இந்தக் காரையே வாங்கினோம்!” என்பார்கள். இது தலைகீழான மதிப்பீடு என்பது என் கருத்து.

2014ஆம் ஆண்டில் மாருதி செலேரியோ வந்தபின் நம் நாட்டின் சிறிய கார்களில் இந்த வசதி பரவியது. அதன் உள்ளே இருப்பது பழைய பற்சக்கரப் பெட்டியும் பழைய கிளட்சும்தான். நம் காலும் கையும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு கருவி செய்கிறது. எப்போது செய்வது என்பதை ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்கிறது. காரின் வேகம், எஞ்சினின் சுழற்சி வேகம், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது ஆகியவையே அது முக்கியமாகக் கவனிப்பவை. பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்துக்கிடையே வேலூர் சாலையில் ஆமை போல் ஊரும்போது இது பெரிய வரம்தான். நான் அதைக் குறை கூறவில்லை.

‘எஸ்’ முறையில் என்ன நடக்கிறது? கணிப்பொறி தாழ்ந்த கியரை விடாமல் அதிக நேரம் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. திறன் என்பது திருப்புவிசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருப்பீர்கள். ஆகவே இருக்கும் திறன் உடனே கைக்கு வருகிறது. புதிதாக ஒரு குதிரைத்திறனும் முளைப்பதில்லை. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

‘எம்’மின் அருமை மலையில்தான் தெரியும். எங்கள் மாவட்டத்திலேயே போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை உண்டு. ஆனாலும் கணக்குப் போட ஏற்காடு வசதியானது. சேலத்தைவிட அது சுமார் 1,200 மீட்டர் உயரம். நான்கு பேருடன் 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் அங்கிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். ‘ஜி’யை 10 என்று வைத்துக்கொண்டால், அது இழக்கும் நிலையாற்றல் 1 கோடியே 44 லட்சம் ஜூல்! 30 டிகிரியில் உள்ள சுமார் 49 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். மூன்று குடத்துக்கும் மேல். காற்றுத் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதியை யார் ஏற்பது? பிரேக்கை மட்டுமே நம்பினால், சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டுகளும் உருளைகளும் ஏற்க வேண்டும். அவை அளவுக்கு மீறிச் சூடேறினால் உராய்வு குறையும். பிரேக் திரவம் பழையதாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

இந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள எஞ்சின் தயாராக இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சினின் காற்று வழி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் அந்தக் குறை அழுத்தத்தை எதிர்த்து இழுத்து இழுத்து ஆற்றலைச் செலவிடுகின்றன. சிறிய கார்களில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஐந்தாம் கியரில் எஞ்சின் மூன்று நான்கு முறையே சுற்றும். முதல் கியரிலோ சுமார் 14, 15 முறை. தாழ்ந்த கியரில் தடை மிகுவது இதனால்தான்.

ஆனால் ‘டி’யில் இறங்கினால் பல கார்களில் என்ன ஆகிறது தெரியுமா? ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, வேகமோ கூடுகிறது. சமதளத்தில் சுகமாக ஓடுகிறோம் என்று எண்ணிக் கணிப்பொறி மேல் கியருக்குத் தாவிவிடும்! எஞ்சினின் உதவி தேவைப்படும் நேரத்தில் கைநழுவுகிறது. சரிவை உணர்ந்து கியரைப் பிடித்துவைக்கும் கார்களும் வந்துள்ளன. ஆனால் அவையும் சரிவில் இறங்கிய பின்னரே அதை அறிகின்றன. அடுத்த கொண்டை ஊசி வளைவைக் கண்ணால் பார்ப்பவர் ஓட்டுநர். இறங்கத் தொடங்குமுன்பே தண்டை ‘எம்’முக்குத் தள்ளி, மைனஸ் குறிப் பக்கம் தட்டி, இரண்டாம் கியரில் நிறுத்திக்கொள்ள அவரால் முடியும். வேகம் மிகுந்துவிட்ட பிறகு தட்டினால், எஞ்சின் கெட்டுவிடும் என்று கணிப்பொறி மறுத்துவிடக்கூடும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இதை ஒரு பாடமாகவே சொல்லித்தர வேண்டும். கார் விற்பவர்களும் ‘எஸ்’ஸுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் பாதியையாவது ‘எம்’முக்குக் கொடுக்கலாம்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள். இக்கால எஞ்சின்களில் கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்கினால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் பாய்வது அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.