மீன் நீந்துது, இறால் சாகுது: உங்கள் பவளத் தொட்டியில் தாமிரம் இருக்கிறதா?

குன்னூரில் ஒரு வீட்டு ஹாலில் உப்புநீர்த் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீன்கள் வழக்கம்போல நீந்துகின்றன. ஆனால் திங்கள்கிழமை நத்தை செத்துக் கிடக்கிறது, புதன்கிழமை இறால். வார இறுதியில் மென்பவளம் சுருங்கி மூடிக்கொள்கிறது. உடனே நாம என்ன பண்ணுவோம்? கடைக்கு போன் போட்டு, ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊத்துவோம்.

அங்கதான் தப்பு நடக்குது. அந்த மருந்திலேயே தாமிரம் இருக்கலாம்.

மீனுக்கு மருந்து, இறாலுக்கு விஷம்

கடல் மீன்களின் வெண்புள்ளி நோய்க்கான பல மருந்துகளில் வேலை செய்வது தாமிரம்தான். லிட்டருக்கு சுமார் 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். இறால், நத்தை, பவளம் தாங்காது. இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தான். துளி அவசியம், கொஞ்சம் கூடினால் ஆபத்து.

இயற்கையான கடலில் தாமிரம் பொதுவாக லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. நம்ம குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் ஏற்கும் அளவோ 50 மைக்ரோகிராம். நமக்கு நல்ல தண்ணீர், பவளத்துக்கும் நல்லதா இருக்கணும்னு இல்லை.

நீலகிரியில் எங்கிருந்து வருகிறது?

மலைத் தண்ணீர் பொதுவாக மென்நீர். ராத்திரி முழுக்க செம்புக் குழாயிலோ பித்தளைக் குழாயிலோ கீசரிலோ தேங்கினால் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் பிடித்த மழைநீரில் துத்தநாகம் வரலாம்.

அடுத்தது தேயிலைத் தோட்டம். 1946-ல் தென்னிந்தியாவுக்கு வந்த கொப்புள நோயைக் கட்டுப்படுத்த இன்றும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கிறார்கள். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிணறு, ஊற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுப்பவர்கள் முதலில் டெஸ்ட் பண்ணிடுங்க.

இன்னொரு சந்தேக நபர் ஹீட்டர். சென்னையில் தொட்டியைக் குளிர்விக்கச் செலவு. ஊட்டியில் ஹீட்டர் ஓய்வில்லாமல் ஓடுது. அதன் கண்ணாடி விரிசல் விட்டால் உப்புநீர் உள்ளே போய் உலோகத்தை அரிக்கும். பம்ப்பின் துருப்பிடித்த காந்தம், ஹோஸ் கிளிப், விளக்கிலிருந்து விழுந்த ஸ்க்ரூ இவையும் இதே வேலையைச் செய்யும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உப்பு அளவு, வெப்பநிலை, அமோனியா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மீன் பிழைத்து முதுகெலும்பில்லாதவை மட்டும் செத்தால், உலோகத்தைச் சந்தேகிக்கலாம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொட்டிக்குள் கை வையுங்கள். ஒரு காந்தத்தை மணலில் ஓட்டிப் பாருங்கள். இரும்புத்துண்டு மாட்டும், செம்பும் பித்தளையும் மாட்டாது, அதைக் கண்ணால்தான் தேடணும்.

கடையில் கிடைக்கும் தாமிர டெஸ்ட் கிட் மருந்து அளவைக் காட்டும். பவளத்தைப் பாதிக்கும் மிகச் சிறிய அளவு அதில் பூஜ்யமாகவே தெரியலாம். துல்லியம் வேண்டுமானால் ஐசிபி ஆய்வகச் சோதனைதான் வழி. தொட்டி நீரோடு, ஊற்றப் பயன்படுத்திய தண்ணீரையும் தனி பாட்டிலில் அனுப்புங்கள். மூலம் எதுன்னு அப்பதான் தெரியும்.

எப்படி வெளியேற்றுவது?

உயிரினங்களை முடிந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். உலோகம் வரும் இடத்தை அடைத்த பிறகே தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு கணக்கு: 25 சதவீதம் வீதம் நாலு தடவை மாற்றினால் 100 சதவீதம் மாறிடும்னு நினைப்போம். உண்மையில் பழைய தாமிரத்தில் சுமார் 32 சதவீதம் அப்படியே இருக்கும். அதனால் ஆர்ஓ-டிஐ வடிகட்டிய தண்ணீரோடு, தரமான ஆக்டிவேட்டட் கார்பனும் உலோகத்தை உறிஞ்சும் ரெசின் அல்லது பேடும் சேர்த்துப் போடுங்கள்.

பாறையும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்து, மெதுவாக விடும். முதல் டெஸ்ட் நன்றாக வந்ததும் புது இறால் வாங்கி விடாதீர்கள். சில வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். மருந்து போட்ட பழைய தொட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் இதே கதைதான்.

இதில் நம் பொறுப்பு என்ன?

செத்ததுக்குப் பதில் இன்னொன்னு வாங்கிக்கலாம் என்ற நினைப்பு பவளத்தில் எடுபடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே உள்ளன. மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்து வந்த ஒரு துண்டை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

மருந்து விற்கும் கடைகள், "தாமிரம் உள்ளது, இறால், பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்" என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். அது வரும்வரை நாமதான் கேட்கணும். அடுத்த முறை கவுன்டரில் பாட்டிலை நீட்டினால், விலைக்கு முன்னாடி ஒரே கேள்வி: "அண்ணா, இதுல காப்பர் இருக்கா?"