வேப்பிலையால் ஆனதோ, வெள்ளியால் ஆனதோ?

அழைப்பிதழ்களிலும் அறிவித்தல்களிலும் பிழை பார்த்துத் தருமாறு அயலவர் என்னிடம் வருவது வழக்கம். அங்ஙனமே சென்ற மாதம் விஞ்ஞானம் பயிலும் அயல்வீட்டு மாணவனொருவன், தன் பாடசாலைக் கண்காட்சிக்கென எழுதிய அட்டையொன்றைக் கொணர்ந்தான். "வேப்பிலையால் ஆன வெள்ளி நனோ துகள்: பயிருக்கு நஞ்சற்ற காவல்" என்பது அதன் வாசகம். 'நனோ'வை அடுத்து விடுபட்ட ஒற்றை இட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் படியிறங்கிச் சென்ற பின்னரே 'ஆல்' என்னும் உருபு என் நெஞ்சை உறுத்தலாயிற்று.

மூன்றாம் வேற்றுமை கருவிப் பொருளில் வருங்கால் முதற்கருவி, துணைக்கருவி என இருதிறப்படும் என்பதை இவ்விதழ் வாசகர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மண்ணாற் குடம் வனைந்தான் என்னுமிடத்து, மண் குடமாகவே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சக்கரத்தாற் குடம் வனைந்தான் என்னுமிடத்து, சக்கரம் குயவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. உருபு ஒன்றே, பொருள் வேறு.

அன்று அம்மாணவன் விளக்கிய செய்முறை இது. வேப்பிலையை நீரிற் காய்ச்சி வடித்த சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிற் சேர்க்கின்றனர். இலையிலுள்ள பொருள்கள் வெள்ளி அயன்களுக்கு இலத்திரன்களை ஈந்து அவற்றை உலோக வெள்ளியாக்கக் கரைசல் கபில நிறங் கொள்கிறது. பின்னர் அவ்விலைப் பொருள்களே துகள்களைப் போர்த்து, அவை ஒன்றோடொன்று திரளாவண்ணம் காக்கின்றன. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துகள்களோ 100 நனோமீற்றருக்கும் குறைந்தவை. இந்தியாவிலே புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்து அறிஞர் 2004ஆம் ஆண்டிலேயே வேப்பிலைச் சாறு கொண்டு பொன், வெள்ளித் துகள்களை ஆக்கிக் காட்டினர். கடிய இரசாயனங்களைக் கொண்டு ஆக்கும் முறையினும் இது தூயது என்பதை நான் மறுக்கவில்லை. வேம்பின் பெருமை கேட்டு மகிழாத தமிழனும் உளனோ?

ஆயினும் ஈண்டு வேம்பு சக்கரம், மண் வெள்ளியே. இலையின் மெல்லிய போர்வை துகளின்மேல் எஞ்சுவது உண்மைதான். ஆனால், பூஞ்சணத்தையும் பற்றீரியாவையும் கொல்லும் ஆற்றல் பெரிதும் வெள்ளியினுடையது. இது பயிருக்குப் பகை, இது மண்ணுக்கு உறவு என்று பகுத்தறிந்து கொல்லும் இயல்பு அதற்கில்லை. அமோனியாவை நைத்திரேற்றாக்கும் நல்ல பற்றீரியாக்களும் வெள்ளித் துகளால் தாக்குறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சாறோ மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் வேறுபடுவது. ஆதலின் துகளின் அளவும் வடிவும் ஒருபடித்தாய் அமைதல் எளிதன்று. இவ்வாறிருக்க 'நஞ்சற்ற' என்னும் அடைமொழியை வழங்கியவர் யார்? வழங்கியவர் எவராயினும், அதைக் கண்டும் வாளாவிருந்தவன் நான்.

இத்தகைய சொல்லாராய்ச்சி பண்டிதரின் பொழுதுபோக்கு என நகைப்பார் உளர். 2021ஆம் ஆண்டில் அசேதன உர இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த வேளையில், ஒக்டோபர் மாதத்தில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. அது சேதனமா, அசேதனமா என்ற வினா அன்று நாடெங்கும் எழுந்தது. சொல்லின் பொருள் வயல்வரை செல்லும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு இயற்றிய விதியொன்றின்படி, செயற்கையாய் ஆக்கிய நனோப் பொருள் உணவிற் சேர்ந்திருப்பின், பொதியின்மேல் அதன் பெயரையடுத்துப் பிறைக்கோட்டினுள் 'நனோ' என அச்சிடல் வேண்டும். ஒரு சொல்தான். எனினும் வாங்குவோன் அதனைக் கண்டு வேண்டின் கொள்வான்; வேண்டாவிடின் விடுவான். நம் கடைகளுக்கு வரும் உணவுப் பொதிகளிலும் பயிர்மருந்துக் குப்பிகளிலும் அச்சொல் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. அன்றியும் முதற்கருவியின் பெயர் துணைக்கருவியின் பெயரினும் சிறிய எழுத்தில் இருத்தலாகாது. இலையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, உலோகத்தின் பெயரை மூலையில் ஒதுக்குவது இலக்கணப் பிழையன்று. அதனினும் பெரிய பிழை.

மறுநாள் அம்மாணவனை அழைத்து என் கவனக்குறைவை ஒப்புக்கொண்டேன். "வேப்பிலைச் சாற்றின் துணைகொண்டு வெள்ளியால் ஆக்கிய நனோத் துகள். பூஞ்சணத்தைக் கொல்லும். மண்ணிலுள்ள நல்ல பற்றீரியாவையும் தாக்கக்கூடும்" என மாற்றி எழுதுமாறு கூறினேன்.

"இவ்வளவும் இந்த அட்டையில் அடங்காதே, ஐயா" என்றான்.

பெரிய அட்டை வாங்கக் காசு கொடுத்தனுப்பினேன்.