உறைமேல் ஒரு கையெழுத்து

நான் வாழும் வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் வரிசை கிடையாது, விரலில் மையும் கிடையாது. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது 18 நாள் முன்பே வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்து, சீட்டை நிரப்பி உறையிலிட்டு, மேலே கையெழுத்துப் போட்டு, தபாலிலோ தெருவோர வாக்குப் பெட்டியிலோ சேர்க்கலாம். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். பக்கத்து ஆரிகன் மாநில மக்கள் 1998லேயே வாக்கெடுப்பில் இம்முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனை வசதி இருந்தும் நம்மவர்கள் பலர் கடைசி நாள் மாலைவரை உறையை ஃப்ரிட்ஜ்மேலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. காரணம், கையெழுத்து.

இங்கே வாக்காளருக்கு அடையாளமே அதுதான். உறைமேல் உள்ளதையும் பதிவேட்டில் உள்ளதையும் தேர்தல் அலுவலர்கள் ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் அந்த வாக்கு எண்ணிக்கைக்குப் போகாது. வாக்காளருக்குத் தகவல் வரும். படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், முடிவுகளுக்குச் சான்றளிப்பதற்கு முந்தைய நாள்வரை சரிசெய்துகொள்ளலாம்.

நம் வீடுகளில் ஒருவருக்கே இரண்டு மூன்று கையெழுத்து இருக்கும். ஓட்டுநர் உரிமத்துக்காக மின்திரையில் அவசரமாக இழுத்தது ஒன்று, பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டது இன்னொன்று. என் அம்மா குடியுரிமை வாங்கியபின், கை நடுங்கத் தொடங்கியதும் அவருடைய எழுத்தே உருமாறிவிட்டது. கடிதம் வந்தபோது, "நான் போட்டது நான் இல்லையாமா?" என்று கலங்கிவிட்டார். முன்கூட்டியே பெட்டியில் சேர்த்திருந்ததால் பதறாமல் சரிசெய்ய முடிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020 தேர்தலில் நிராகரிக்கப்பட்ட உறைகளை ஆராய்ந்த மாநிலத் தணிக்கையாளர் 2022இல் அறிக்கை வெளியிட்டார். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவரின் வாக்குகள் நான்கு மடங்கு வீதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. இளைஞர்களுக்கும் ஆசியர்களுக்கும்கூட அது அதிகம். அலுவலர்கள் பாரபட்சம் காட்டியதற்குச் சான்றில்லை என்றும் அறிக்கை சொன்னது. எண்ணப்படாமல் போன வாக்குக்கு அது ஈடாகாது.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஆனால் நாம் போட்ட அன்றே முத்திரை விழும் என்று நம்ப முடியாது. கடிதம் எங்கோ இருக்கும் பிரிப்பு மையத்துக்குப் போனபிறகே அது விழலாம். ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள் என்று அஞ்சல் துறையே சொல்கிறது. அதற்கும் தவறினால் வாக்குப் பெட்டிதான் வழி. தேர்தலன்று இரவு 8 மணிவரை திறந்திருக்கும்.

பெட்டி பத்திரமா என்ற கேள்வி நியாயமானது. 2024 அக்டோபர் 28 அதிகாலையில் ஆரிகனின் போர்ட்லாந்திலும், ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் மாநில வான்கூவரிலும் வாக்குப் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். போர்ட்லாந்துப் பெட்டிக்குள் இருந்த தீயணைப்புக் கருவி வேலை செய்ததால் மூன்று வாக்குகளே சேதமாயின. வான்கூவரில் நூற்றுக்கணக்கானவை கருகின. ஆனால் தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. உறையில் பெயர் தெரிந்தவர்களை அலுவலர்கள் தேடிப் பிடித்தார்கள். சனிக்கிழமை முற்பகலுக்குப்பின் அங்கே போட்டவர்கள் இணையத்தில் தங்கள் வாக்கின் நிலையைப் பார்த்து மாற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளும்படி அறிவித்தார்கள். இதே தீ தேர்தலன்று மாலை பற்றியிருந்தால் என்ன செய்திருக்க முடியும்?

பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டால் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். யாருக்குப் போடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். சிரமப்படுகிறார்களே என்று அம்மாவுக்காக மகன் கையெழுத்துப் போடுவது சட்டப்படி குற்றம். கையெழுத்துப் போடவே முடியாதவர்கள் ஒரு குறியிட்டால் போதும், சாட்சியாக இருவர் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.