சுவர் அவருடையது, பில் யாருடையது?

சென்ற இதழில் வீட்டு எரிசக்திச் சான்றிதழைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டனில் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர் ஒருவர் எழுதியது. இ.பி.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காகிதம் சிறு வீட்டுக்காரரின் வயிற்றில் அடிக்கிறதாம். விக்டோரியா காலத்து வீடுகளுக்கு அது சற்றும் பொருந்தாதாம். வெவ்வேறு ஆட்கள் வந்தால் வெவ்வேறு தரம் போடுவார்களாம். கடைசியில் கஷ்டப்படப் போவது வாடகைக்கு இருப்பவர்தானாம். வாடகைக்காரருக்காக இவ்வளவு உருகியவர், அவர் கட்டும் காஸ் பில், கரண்ட் பில் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுவது நமக்குப் புதிதல்ல.

வயிற்றில் அடித்த கதையை முதலில் பார்ப்போம். சான்றிதழ் எடுக்க நூறு பவுண்ட் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது பத்து வருடத்துக்குச் செல்லும். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு ஒரு பவுண்ட்கூட வராது. வருடா வருடம் எடுக்கவேண்டிய காஸ் பாதுகாப்புச் சான்றிதழை முணுமுணுக்காமல் எடுப்பவருக்கு, பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் இது மட்டும் ஏன் கசக்கிறது? காரணம் எளிது. காஸ் சான்றிதழ் கொதிகலன் ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இ.பி.சி. வீட்டின் குறையை ஒரே எழுத்தில் எல்லோருக்கும் காட்டிவிடும்.

அடுத்து, அவர் தூக்கிக் காட்டும் 15,000 பவுண்ட். வாடகை வீடுகள் 2030க்குள் ‘சி’ தரத்துக்கு வரவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அரசு கலந்தாய்வுக்கு வைத்த யோசனையில் இருந்த உச்சவரம்பு அது. ஒரு வீட்டுக்கு இதற்குமேல் செலவழிக்கச் சொல்லமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். வீட்டுக்காரரைக் காப்பாற்றப் போட்ட வரம்பையே அவர் வீட்டுக்காரர் தலையில் விழுந்த பில்லாக மாற்றிக் காட்டுகிறார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரலில் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரலில் ஏற்கெனவே இருந்தவற்றுக்கும் வந்த விதி என்ன கேட்கிறது என்பதை அவர் சொல்லவேயில்லை. அது கேட்பது ‘இ’ தரம், அதாவது நூற்றுக்கு 39 மார்க். நம் பிள்ளைகள் அந்த மார்க்கோடு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 39ஐ எடுக்கவும் வீட்டுக்காரர் 3,500 பவுண்டுக்குமேல் செலவழிக்கத் தேவையில்லை. அவ்வளவு செய்தும் எட்டாவிட்டால், செய்ததைக் காட்டி ஐந்து வருடத்துக்கு விலக்குப் பதிந்துகொள்ளலாம். விதியை மீறினால் கவுன்சில் போடக்கூடிய அபராதம் வீட்டுக்கு அதிகபட்சம் 5,000 பவுண்ட். லண்டனில் ஒரு குடும்பம் இருக்கும் வீட்டின் இரண்டு மூன்று மாத வாடகை அது. இதற்குத்தான் இத்தனை ஒப்பாரி.

விக்டோரியா வீடுகள் பாவம் என்கிறார். அந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு நடுவில் இடைவெளி கிடையாது, உள்ளே இன்சுலேஷன் அடைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கூரைக்குக் கீழே 270 மில்லிமீட்டர் கம்பளி விரிக்க விக்டோரியா மகாராணி தடை போட்டுவிட்டுப் போகவில்லை. சுடுநீர்த் தொட்டிக்கு உறை போடவும், கதவிடுக்கை அடைக்கவும், ஹீட்டிங்குக்கு ஒழுங்கான தெர்மோஸ்டாட் வைக்கவும் சுவரைத் தொடவே வேண்டாம். சான்றிதழிலேயே இவை செலவோடும், வருடத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கோடும் வரிசையாக எழுதியிருக்கும். அவர் தரத்தைப் பார்த்த கோபத்தில் அதற்குக் கீழே படிக்கவில்லை போலும்.

மதிப்பீட்டாளர் ஏனோதானோவென்று எழுதிவிட்டுப் போகிறார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அவர் வரும் நாளில் நடப்பது இதுதான். அறைகளை அளக்கிறார், கொதிகலனின் மாடலைக் குறிக்கிறார், யன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறார். பிறகு லொஃப்ட் எங்கே என்கிறார். லொஃப்ட் மூடியை பெயின்ட் அடித்து ஒட்டவைத்திருக்கிறார்கள், அல்லது அதற்கு நேர் கீழே ஊருக்குக் கொண்டுபோகும் சூட்கேஸ்கள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. கண்ணால் பார்க்காததை அவர் எழுத முடியாது. வீட்டின் வயதை வைத்து முறை சொல்லும் அனுமானத்தைப் போடுகிறார். இன்சுலேஷன் போட்ட ரசீது எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர் முழிக்கிறார். தரம் குறைகிறது. மூடியைத் திறந்து காட்டாதவர் பிறகு பத்திரிகையில் அனுமானத்தைத் திட்டுகிறார்.

பூஞ்சணத்துக்கு அவர் கண்டுபிடித்த காரணம் எல்லாவற்றையும்விட மோசம். கறி சமைக்கிறார்களாம், உடுப்பை உள்ளே காயப்போடுகிறார்களாம், யன்னலைத் திறப்பதில்லையாம். இதை ஒரு தமிழர் தமிழருக்குச் சொல்கிறார். அவர் வீட்டுச் சமையலறையில் குழம்பு கொதித்தால் ஆவி வராதோ? ரோச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். பூஞ்சணம் நிறைந்த வீட்டில் நெடுநாள் இருந்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் பிரச்சினை என்று வீட்டு நிர்வாகம் ஊகித்துக்கொண்டிருந்தது. பழியை வாழ்க்கைமுறைமேல் போடாதீர்கள் என்று வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி 2021லேயே அறிக்கை எழுதியாயிற்று. இ.பி.சி. பூஞ்சணத்தை அளப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவி போய் நீராகிப் படிவது குளிர்ந்த சுவரில். அந்தச் சுவரில் இன்சுலேஷன் உண்டா இல்லையா என்பதை அந்தக் காகிதம் சொல்லும்.

செலவு கூடினால் வாடகை கூடும் என்ற மிரட்டலோடு முடிக்கிறார். சரி, செலவு கூடாதபோது வாடகை குறைந்ததா? ‘சி’ தரத்துக்கு வரவேண்டும் என்ற பழைய திட்டத்தை 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் கைவிட்டார். வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். 2024 மார்ச்சோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் தனியார் வாடகை 9.2 விழுக்காடு ஏறியது. செலவு செய்யாமல் தப்பியதற்கான நன்றி வாடகைக்காரருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

விஷயத்தின் வேரே இங்குதான் இருக்கிறது. சுவருக்கு என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் வீட்டுக்காரர். அந்தச் சுவர் வழியாக வெளியே போகும் வெப்பத்துக்குப் பணம் கட்டுபவர் வாடகைக்காரர். 2021 அக்டோபரில் விலைவரம்பின்படி சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த எரிசக்தி பில், மறு வருடம் அரசு தாங்கிப் பிடித்தும் 2,500 ஆனது. அந்தக் குளிர்காலத்தில் வேலை முடிந்து தமிழ்க் கடைக்குப் போய், கரண்ட் கீயில் பத்துப் பவுண்டும் காஸ் கார்டில் பத்துப் பவுண்டும் போட்டுக்கொண்டு வந்தவர் யார்? ‘ஸ்டேஷனுக்குக் கிட்ட, கோயிலுக்குக் கிட்ட’ என்ற விளம்பரத்தை நம்பி வீடெடுத்த குடும்பம். பில் எவ்வளவு வரும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லக்கூடியது அந்த ஓர் எழுத்துதான். அதையும் எடுத்துவிடு என்கிறார் கட்டுரையாளர்.

இந்த முறையைக் குறைசொல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவர்தான் அவற்றைத் தொடவில்லை. எரிபொருள் செலவை வைத்து மார்க் போடுவதால், காஸை விட்டு ஹீட் பம்புக்கு மாறுகிறவருக்குச் சில வீடுகளில் மார்க் ஏறுவதற்குப் பதில் இறங்கலாம். அரசுத் திட்டத்தில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தவேண்டிய கோளாறு இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. இதற்கெல்லாம் கோபப்பட வேண்டும். கணக்கிடும் முறையை மாற்று, வேலை செய்பவரைக் கண்காணி, கெடுத்தவர் கையாலேயே சரிசெய்ய வை என்று கேட்கவேண்டும். அளவுகோல் கோணல் என்றால் நிமிர்த்தச் சொல்வதுதான் முறை. ஒடித்துப் போடச் சொல்பவருக்கு அளக்கப்படுவதே பிடிக்கவில்லை.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாடகை வீடுகள் ஒவ்வொன்றும் எந்தத் தரம், லொஃப்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று அடுத்த இதழில் எழுதுங்கள். எழுத மனமில்லாவிட்டாலும் பாதகமில்லை. அரசின் பதிவேடு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வாடகை கட்டுகிறவருக்கு அந்தத் தெருவின் போஸ்ட்கோட் தெரியும்.