பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?

சேலை விஷயத்தில் வாலாஜாபாத்துக்காரர்களை ஏமாற்றுவது சுலபமல்ல. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று சுற்றிலும் தறிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். முந்தானையை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தி, முடி பொசுங்குகிற வாடை வருகிறதா என்று முகர்வார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் பணப்பை திறக்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலே, ஒரு நெசவாளர் வீட்டில், வேறொரு சரக்கு வாங்கி ஏமாந்த கதையைச் சமீபத்தில் கேட்டேன். சரக்கு பட்டல்ல, லேப்டாப்!

பையன் என்ஜினீயரிங் மாணவன். படிப்புக்கு வேண்டும், தகப்பனாருக்குப் புட்டா டிசைன் வரைந்து கொடுக்க வேண்டும், இரவில் நண்பர்களோடு விளையாடவும் வேண்டும். "சீட்டு எடுத்து எண்பதாயிரம் கொடுத்தேன் தம்பி. கேட்டதைத்தான் வாங்கினான். இப்போ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார் பெரியவர்.

பையன் சொன்னான்: "அண்ணா, அடுத்த தெருவிலே என் சிநேகிதன் லேப்டாப்பிலும் இதே ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுதான். என்னுடையதைவிட எட்டாயிரம் ரூபாய் அதிகம், அவ்வளவுதான். அதே ஆட்டம் அவனிடம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. என்னிடம் திக்கித் திக்கி நிற்கிறது. கடைக்காரர் 'ரெண்டும் ஒரே கார்டுதான்'னு சொன்னாரே!"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை.

பெயர் ஒன்று, பலம் வேறு

திரையில் படங்களை விநாடிக்குப் பல முறை வரைந்து தள்ளுகிற வேலை கிராபிக்ஸ் கார்டினுடையது. அதற்குத் தீனி மின்சாரம். எவ்வளவு மின்சாரம் தரலாம் என்பதை லேப்டாப் தயாரிக்கிற கம்பெனி நிர்ணயம் செய்கிறது. என்விடியா கம்பெனியின் கணக்குப்படி, லேப்டாப்புக்கான 4060 கார்டுக்கு 35 வாட்டும் தரலாம். 115 வாட்டும் தரலாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே! ஒரே பெயருள்ள இரண்டு காளைகளில் ஒன்றுக்குப் பருத்திக்கொட்டையும் மற்றொன்றுக்கு வெறும் வைக்கோலும் போட்டால், இரண்டும் ஒரே மாதிரி ஏர் இழுக்குமா?

முன்பெல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற கார்டின் பெயரோடு 'மேக்ஸ்-க்யூ' என்ற அடைமொழி இருந்தது. 2017-ல் வந்த அந்த அடைமொழியை 2021-ல் கார்டின் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாட் கணக்கைத் தயாரிப்பாளர்கள் தங்கள் விவரப் பட்டியலில் தெரிவிக்க வேண்டும் என்று என்விடியா சொன்னது வாஸ்தவம். ஆனால் கடையில் பெட்டியின் மேல் கண்ணைப் பறிக்கிற எழுத்து எது? கார்டின் பெயர்தான். வாட்டைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. மேஜைக் கம்ப்யூட்டரில் வரும் 4090 கார்டுக்கு 24 ஜி.பி. சொந்த நினைவகம், லேப்டாப்பில் வரும் 4090 கார்டுக்கு 16 ஜி.பி.தான். உள்ளே இருக்கும் சில்லே வேறு. அங்கேயும் பெயர் மட்டும் ஒன்று.

எதைக் கேட்டு வாங்குவது?

லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிற்பாடு கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. கல்யாணத்தைப் போல, தேர்ந்தெடுப்பது ஒரு முறைதான். ஆகவே கடைக்காரரிடம் நான்கு கேள்விகளாவது கேட்க வேண்டும்.

முதலாவது, கார்டுக்கு எத்தனை வாட்? 140 என்று சொன்னால் மயங்கிவிட வேண்டாம். 115-க்கு மேல் உள்ள 25, பிராசஸருக்கு வேலை குறைவாக இருக்கும்போது அதனிடமிருந்து கடன் வாங்கிக் கொள்வது. 115 வாட் கார்டு, 60 வாட் கார்டைப் போல இரு மடங்கு ஓடும் என்றும் எண்ண வேண்டாம். மேலே போகப் போக, கூடுதல் மின்சாரத்துக்குக் கிடைக்கிற கூடுதல் வேகம் குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது, கார்டுக்குச் சொந்த நினைவகம் எவ்வளவு? 4050-க்கு 6 ஜி.பி.; 4060-க்கு 8; அதைவிட விலை கூடிய 4070-க்கும் லேப்டாப்பில் அதே 8-தான்! நினைவகம் நிரம்பி வழிந்தால் எத்தனை வாட் கொடுத்தும் ஆட்டம் திக்கும்.

மூன்றாவது, 'மக்ஸ் ஸ்விட்ச்' உண்டா? இது இருந்தால் கார்டு வரைந்த படம் நேரே திரைக்குப் போகும். இல்லாவிட்டால் பிராசஸருக்குள் இருக்கும் சின்னக் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். வழியில் வேகம் கொஞ்சம் குறையும்.

நான்காவது, ராம் ஒற்றைப் பலகையா, இரட்டையா? ஒரே 16 ஜி.பி. பலகையைவிட, இரண்டு 8 ஜி.பி. பலகைகள் ஆட்டத்துக்கு நல்லது.

வாங்கிய பிறகும் பரீட்சை செய்யலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்ற பகுதியைத் திறந்தால் கார்டின் உச்ச வாட் தெரியும். நமது பையன் அதைத் திறந்தான். 65 என்று இருந்தது.

சுருதி சேர்க்கும் வித்தை

65-ஐ 115 ஆக்க முடியாது. அப்படி ஆக்கித் தருகிறேன் என்று வேறொரு லேப்டாப்பின் பயாஸை ஏற்றச் சொல்கிறவர்களிடம் கைகூப்பி விலகுவதே புத்திசாலித்தனம். ஆனால் இருக்கிற 65-ஐ வீணாக்காமல் உபயோகிக்க வழி உண்டு.

சில்லு தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு வோல்டில் ஓடுவதை, வேகத்தைக் குறைக்காமல் 0.9 வோல்டில் ஓட்ட முடிந்தால், கணக்குப்படி சுமார் 19 சதவிகித மின்சாரம் மிச்சம். அந்த மிச்சத்தைக் கார்டு வேகமாக மாற்றிக்கொள்ளும். அல்லது உஷ்ணம் குறையும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில், வோல்டேஜ் வரைகோட்டைத் திருத்தி இதைச் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் அறுந்து நின்றால் ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். வீணைத் தந்தியை முறுக்குகிற பொறுமை வேண்டும். சில லேப்டாப்புகளில் இந்தக் கதவைப் பூட்டியிருப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதோடு, திரை விநாடிக்கு 60 தடவை காட்டுவதானால், கார்டை 100 தடவை வரைய விடுவதில் பிரயோஜனமில்லை. 60-க்கு வரம்பு கட்டிவிடலாம். அக்கினி நட்சத்திரத்தில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து விளையாடுவது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவதற்குச் சமம். பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும். விசிறியில் படிகிற தூசியை அவ்வப்போது அகற்ற வேண்டும். நூல் பிசிறு பறக்கிற தறி வீட்டில் இது இரட்டிப்பு அவசியம்.

இவ்வளவும் செய்து, டெக்ஸ்சர் அளவையும் ஒரு படி இறக்கியபின், பையனின் ஆட்டம் பெரும்பாலும் திக்காமல் ஓடுகிறது. சிநேகிதனுடையதை எட்டவில்லை. எட்டவும் எட்டாது.

அச்சிட்டால் என்ன?

நிற்க. மெல்லிய லேப்டாப் வேண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் குறைந்த வாட்தான் பொருந்தும் என்று கம்பெனிகள் சொல்லலாம். நியாயமே. 65 வாட் கார்டு விற்பது குற்றமல்ல. அதை 115 வாட் கார்டின் சட்டையைப் போட்டு விற்பதுதான் குறை. ஜனங்களுக்கு வாட் கணக்குப் புரியாது என்ற சமாதானமும் செல்லாது. பல்பு வாங்கப் போகிற பாட்டிகூட எத்தனை வாட் என்று கேட்கிறாள்!

பட்டுக்கு 2004-ல் சில்க் மார்க் வந்தது. குளிர்பதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று காட்டும் நட்சத்திரச் சீட்டு 2006-ல் வந்தது. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021-ல் கட்டாயமாயிற்று. பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வீரியம் என்ற சொல் இந்த வாட்டுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! கார்டின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவு எழுத்தில் வாட்டையும் நினைவகத்தையும் பெட்டிமேல் அச்சிட வேண்டும் என்று மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டால் போதும். ஒரு வரி மசிக்கு என்ன செலவாகிவிடும்?

உத்தரவு வரும்வரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். நான் விடைபெறும்போது பெரியவர் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "நான் நெய்யற சேலையிலே ஜரிகை குறைஞ்சா, வாங்கறவங்க என் மூஞ்சியிலேயே விட்டெறிவாங்க தம்பி. இதை யார் மூஞ்சியிலே விட்டெறியறது?"